கேள்விக் கோஷ்டி

"இதையெல்லாம் நீங்க முன்னாடியே படிச்சீங்களா, மாஸ்டர்?" என்று குழுத் தலைவரான குருவானவர் கேட்டார். "இல்லைங்க சாமி, இப்பத்தான் பாக்கறேன்" என்று நான் சொன்னேன். அது பொய். மேசைமேல் இருந்த ஒன்பது தாள்களையும் தட்டச்சு செய்தவன் நான். அந்தச் சொற்களுக்கு உரியவர் எனக்கு இடப்பக்கம், தோள் உரசும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இது நடந்தது எண்பதுகளின் நடுவில். எனக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரோடு போய்ச் சேர்வதற்கு முன், அன்று என் பக்கத்தில் நின்றவரைப் பற்றி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய சொற்களை ஒருமுறை தாளில் ஏற்றிவிட்டு நான் செய்த காரியம் போதும்.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே அவரைப் போர்வண்டிக்காரர் என்பார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலை. மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பார். திரும்பி வரும்போது கண்ணிமை மயிரெல்லாம் கல்தூசி படிந்து வெளுத்திருக்கும். முப்பது வயதிருக்கும். அப்போது நான் அவரை 'நீ, வா' என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது கை தானாக 'அவர்' என்று எழுதுகிறது.

பாட்டு அவருக்கு வராது. பூசையில் எல்லோரும் பாடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பார். ஆனால் பைபிள் வாசகத்தை அவர் கேட்பதைப் போல வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தலையைச் சாய்த்து, ஒரு காதை முன்னால் கொடுத்துக் கேட்பார். அவரை நான் முதலில் கவனித்ததே அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். பூசை முடிந்து வெளியே வந்தவனை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"சார், ஒரு சந்தேகம்."

"என்னப்பா?"

"அந்த நாலு பேரு கூரையப் பிரிச்சி, நடக்க முடியாதவன கட்டிலோட ஆண்டவரு முன்னால எறக்கினாங்கல்ல. அவன் எழுந்து நடந்து போயிட்டான். நாலு பேரும் போயிட்டாங்க. கூட்டமும் கலைஞ்சி போச்சி. கூரைய யாருங்க சார் மூடினது?"

நான் சிரித்துவிட்டேன். "அது இந்தக் கதைக்கு முக்கியம் இல்லப்பா."

"வூட்டுக்காரனுக்கு முக்கியம் இல்லீங்களா?"

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது பன்றிகளைப் பற்றிக் கேட்டார். பேய் புகுந்து இரண்டாயிரம் பன்றி கடலில் விழுந்து செத்ததே, மேய்த்தவன் சொந்தக்காரனிடம் போய் என்ன சொல்லியிருப்பான்? அவன் சொன்னதை யாராவது நம்பியிருப்பார்களா? கிண்டல் செய்கிறாரோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கிண்டல் இல்லை. எனக்குப் பதில் தெரிந்திருக்கும், சொல்லிவிட்டால் அவர் வேலையைப் பார்க்கப் போகலாம் என்பதுபோல நின்றார். நான் இரண்டு பட்டம் வாங்கியவன், எங்கள் கோயில் பங்குப் பேரவையின் செயலாளர். என் வாழ்நாளில் அந்த மேய்ப்பனைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை.

அவர் வேலை செய்வதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பாப்பாரப்பட்டிப் பக்கம் என் மைத்துனர் நிலத்தில் போர் போட்டார்கள். இருநூறு அடி போயும் வெறும் புழுதி. மைத்துனர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். இவர் அதைக் காதில் வாங்காமல், கஞ்சி கொண்டுவந்த என் தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, இப்ப தண்ணிக்கு எவ்ளோ தூரம் போறீங்க?"

"ஏன், நீ வந்து தூக்கித் தரப் போறியா?"

"தெரிஞ்சிக்கலாம்னுதாங்க. எத்தினி கொடம்?"

"காலையில பதினாலு."

"இடுப்புலயா, தலையிலயா?"

"உனக்குப் பொண்டாட்டி இருக்குதில்ல? அவளப் போயி கேளு!"

வண்டி ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பதினாலு குடம் அவருக்கு மறக்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

பேச்சைத் தாளத்தில் போடும் வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவர் சொன்னது இது. பெங்களூரில் ஒரு மாணவர் விடுதிக்குப் பின்னால் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஒரு வெளிநாட்டுப் பையன் டேப் ரெக்கார்டரைச் சன்னலில் வைத்து ஏதோ போட்டான். இவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஒரு ஆள் யாரையோ நிறுத்தி வைத்து நியாயம் கேட்பதுபோல இருந்தது, ஆனால் ஒரு சொல்கூடத் தாளம் தப்பவில்லை என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலே போய் அந்தப் பையனிடம் கை சாடையில் கேட்டாராம்: இது பாட்டா, சண்டையா? அவன் 'ராப்' என்றானாம். அன்று சாயங்காலமே கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் இவர் தனக்குள் பேச ஆரம்பித்துவிட்டார். போர்வண்டியில் சம்மட்டி இறங்கும் சத்தம் விடாமல் ஒரே கதியில் கேட்கும். அதன்மேல் கேள்விகள் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டன.

அதை ஊர் கேட்டது தவக்காலத்தால்தான். தவக்காலத்தின் நாற்பது நாள் தொடங்கும் விபூதிப் புதன் வந்தால் எங்கள் கோயிலில் மேளம், ஆர்மோனியம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பூசைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிடுவோம். ஈஸ்டர் என்கிற உயிர்ப்புத் திருநாள்வரை திறக்க மாட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதை, ஆண்டவர் சிலுவை சுமந்த வழியை நினைத்து ஜெபித்தபடி நடப்பது. பதினான்கு நிலைகளும் எங்கள் ஊரில் கரட்டுமேல் போகும் பாதையோரமாக நட்டிருக்கும். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் நீண்ட ஏற்றம், பாட்டில்லாமல், வெயிலில். அந்த ஏற்றத்தில் இளைஞர்கள் பின்னால் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். அந்த வருடம் இவர் பங்குச்சாமியிடம் போய், "சாமி, கருவி கூடாது, பாட்டு கூடாது, சரிங்க. பேசலாங்களா?" என்று கேட்டார். பங்குச்சாமி வயதானவர், நல்ல மனசு. "பேசறதுக்கு என்ன தடை?" என்றார்.

இவரோடு மூன்று பேர். செங்கல் சூளையில் வேலை செய்த அண்ணன் தம்பி இருவர். இன்னொருத்தி ஸ்டெல்லா, என்னிடம் படித்தவள், தையல் மிஷின் வைத்திருந்தாள். வாயாலேயே தாளம் போடுவது அவள் வேலை. உதட்டைக் குவித்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டி, தையல் மிஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம் எழுப்புவாள். நடந்து வருகிற ஜனங்களின் காலடி அதோடு சேர்ந்துகொள்ளும். ஐந்தாம் நிலை தாண்டியதும், வழியில் போனவனைப் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைத்தார்களே, அந்தச் சீமோனிடம் இவர் பேச்சுக் கொடுத்தார்.

வயக்காட்டு ஆளு, வழியில போன ஆளு,
புடிச்சாங்க, தூக்குன்னாங்க, தூக்கின.
சீமோனே, வூட்டுக்கு யாரு சொன்னா?
ஆக்கின சோறு ஆறிப்போச்சா?
தோளு காச்சிப்போயி நின்னியே,
கேட்டாளா உன் ஆத்தா?

அண்ணனும் தம்பியும் 'கேட்டாளா, கேட்டாளா' என்று திருப்பிச் சொன்னார்கள். முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கூலி வேலையிலிருந்து நேராகச் சிலுவைப் பாதைக்கு வந்திருந்த ஒரு கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆறாம் நிலைக்கு யாரும் பின்தங்காமல் வந்து சேர்ந்தது அன்றுதான்.

மறுவருடம் பக்கத்துப் பங்குகளிலிருந்து கூப்பிட்டார்கள். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கோயில், பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒன்று. யாரோ 'கேள்விக் கோஷ்டி' என்று பெயர் வைத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. கடத்தூர்ச் சந்தையில் வண்டி பழுதாகி நின்றபோது, சும்மா இருந்த நேரத்தில் கானா ஊர்க் கல்யாணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் திராட்சை ரசமானதே, அந்தக் கல்யாணம்.

ஆறு சாடி, கல்லுச் சாடி, காலிச் சாடி.
ரொப்புன்னாரு. ரொப்பினது யாரு?
கெணறு எவ்ளோ தூரம்? கயிறு எவ்ளோ நீளம்?
பதினாலு கொடம் தூக்கினவளே,
உனக்கு ஒரு கிளாசு குடுத்தாங்களா?

சந்தையில் கூடி நின்றவர்கள் பெரும்பாலும் இந்துக் குடியானவர்கள். கானா ஊர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வறட்சி அவர்களுக்குத் தெரியும். ஒரு கவுண்டர் அம்மா முன்னால் வந்து, "குடுத்திருக்க மாட்டாங்க சாமி, எங்க குடுக்கறாங்க" என்று உரக்கப் பதில் சொன்னாராம். இன்னொருவர், "எங்க மாரியாத்தா கிட்டயும் ரெண்டு கேள்வி கேளுப்பா, மழை எங்கன்னு" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கைதட்டு வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதில் வந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான், சுற்றுவட்டாரப் பங்குகள் எல்லாம் சேர்ந்த மறைமாவட்டத்தின் இளைஞர் மாநாடு வந்தது. மூன்று நாள், பெரிய மேடை. அங்கே பாடவோ பேசவோ வேண்டுமானால் சொற்களை முன்னதாக எழுதி, பங்குப் பேரவைச் செயலாளரோடு வந்து, ஒரு குழுவிடம் காட்டி அனுமதி பெற வேண்டும். இவர் வேலைக்குப் போகாமல் மூன்று வாரம் ஊரிலேயே தங்கினார். சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிறகு பள்ளியின் தமிழ்த் தட்டச்சுப்பொறியில் அடித்தேன்.

"எதுக்குப்பா இவ்ளோ மெனக்கெடற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க படிச்ச சாமியாருங்க நூறு பேராச்சும் வருவாங்களாமே சார். யாராச்சும் ஒருத்தருக்குப் பதில் தெரிஞ்சிருக்கும்ல?"

ஒன்பதாம் தாளில் லாசரின் கதை. செத்து நாலாம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர். அதைச் சொல்லும்போது மட்டும் இவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். காரணம் எனக்குத் தெரியும். இவருடைய அப்பா சாகும்போது இவர் ஆந்திராவில் வண்டியோடு இருந்தார். தந்தி கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அடக்கத்தை முன்னால் நின்று நடத்தியவர்களில் நானும் ஒருவன்.

நாங்கள் போய் நின்ற அன்று குழுவின் தலைவர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கூரைக்குச் சிரித்தார். சாடிகளுக்குத் தலையசைத்தார். ஒன்பதாம் தாளில் முகம் மாறியது. உரக்கப் படித்தார்.

நாலு நாளு எங்க இருந்த லாசரு?
எங்கப்பனப் பாத்தியா, எதாச்சும் சொல்லிவுட்டாரா?

"செத்தவங்க நிலைமையக் கேலி பண்ணியிருக்கீங்க. இது விசுவாசத்தையே கேலி பண்றது" என்றார்.

"கேலி இல்லீங்க சாமி. தெரியாமத்தான் கேக்கறேன்" என்றார் இவர்.

அப்போதுதான் குருவானவர் என் பக்கம் திரும்பி, முன்னாடியே படித்தீர்களா என்று கேட்டார். இவருடைய அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். அந்தக் குருவானவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் பள்ளிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. தலைமையாசிரியர் பதவிக்கான என் விண்ணப்பம் அவரிடம்தான் இருந்தது. நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. வேறு வாக்கியத்தைச் சொன்னேன்.

"செயலாளரா இருக்கற நீங்க கவனிச்சிருக்கணும், மாஸ்டர்" என்றார். "இனிமே பாத்துக்கறேங்க சாமி" என்றேன். மாநாட்டுக்கு அனுமதி இல்லை, கோயில் வளாகத்திலும் இனி இது கூடாது என்று எழுதிக் கொடுத்தார். தாள்களை அவரே வைத்துக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் அருகருகே உட்கார்ந்து வந்தோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். மூன்று விதமான பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடத்தூர் வந்ததும், "எறங்கணும் சார்" என்றார். அவ்வளவுதான். பன்றி மேய்த்தவனைப் பற்றி அத்தனை கேட்டவர், என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்.

ஜூன் மாதம் நான் தலைமையாசிரியர் ஆனேன். அவர் வண்டியோடு வடக்கே போய்விட்டார்.

அடுத்த தவக்காலத்தில் மூன்றாம் வெள்ளிக்கிழமை, ஐந்தாம் நிலையை முடித்துக்கொண்டு ஏற்றத்தில் நடந்தோம். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. இளைஞர்கள் பின்னால் நின்று ஊர்க்கதை பேசினார்கள். என்னால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. பங்குச்சாமியிடம் அனுமதி கேட்டு, ஜனங்களை நிறுத்தி, நான் சொன்ன பொய்யை அங்கேயே சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சூளைக்கார அண்ணன், "இப்ப சொல்லி?" என்றான். தம்பி அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டான். செயலாளர் பொறுப்பை விட்டேன். குழுவுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது, விஷயம் முடிந்துவிட்டது என்று. விடாமல் எழுதினேன். ஒரு வருடம் கழித்துத் தலைவர் மாறினார். புதியவர் அனுமதி கொடுத்தார், ஆனால் பழைய தாள்கள் குழுவிடம் இல்லை என்றார்.

உயிர்ப்புத் திருநாளுக்கு இவர் ஊருக்கு வந்திருந்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"கேள்விப்பட்டேன் சார். ஊரு முன்னால சொன்னீங்களாமே. எதுக்குங்க அதெல்லாம்?"

"அனுமதி வந்திருக்குதுங்க. இந்த வருசம் நீங்க மேடையில பேசலாம்" என்றேன். அவரிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தார். சங்கடமாகச் சிரித்தார்.

கடிதத்தை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மடித்தார். "ஸ்டெல்லாகிட்ட குடுங்க சார். அதுங்க பேசட்டும். எனக்கு இப்ப வர்றதில்லீங்க. வண்டிச் சத்தம் வெறும் சத்தமாத்தான் கேக்குது."

"என்மேல கோவமாங்க?"

"கோவம் என்னாத்துக்கு? நீங்க பயந்துட்டீங்க. அது எனக்கு அங்கயே தெரிஞ்சிபோச்சி." உள்ளே திரும்பி, "சாருக்குக் காபி வை" என்றார்.

ஸ்டெல்லாவும் சூளைக்காரர்களும் மாநாட்டில் பேசினார்கள். நல்ல வரவேற்பு. ஆனால் திரும்பவும் வம்பு வேண்டாம் என்று கேள்விகளை எடுத்துவிட்டுப் புகழ்ச்சி வரிகளைப் போட்டிருந்தார்கள். கேசட்டும் வந்தது. நாலைந்து வருடம் எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அதைப் போடாத கடை இல்லை. நான் திறந்து வைத்த கதவு வழியாக அவரைத் தவிர எல்லோரும் போனார்கள்.

அவர் போன வருடம் ஓசூர்ப் பக்கம் மகன் வீட்டில் இறந்துவிட்டார். செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த ஒன்பது தாளையும் நினைவிலிருந்து திரும்ப எழுதி, ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து அவர் பெயரைப் போடலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு நல்லம்பள்ளியில் இருக்கும் ஸ்டெல்லாவிடம் போனேன். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"நல்லா இருக்குது சார்" என்றாள். முதல் தாளுக்குத் திரும்பினாள். "ஆனா இது அவரு சொன்னது இல்லீங்க. இது நீங்க எழுதினது."

"எது மாறியிருக்கும்மா?"

அவள் விரலால் தையல் மேசையைத் தட்டி, சீமோனைச் சொன்னாள். சாடிகளைச் சொன்னாள். குரல் உடைந்திருந்தது, தாளம் உடையவில்லை. அவள் சொன்னதோடு ஒப்பிட்டால் என் தாள்களில் இருந்தது நல்ல தமிழ், அவ்வளவுதான். லாசரிடம் வந்தபோது இரண்டு வரியோடு நின்றுவிட்டாள்.

"அதுக்கு மேல வரமாட்டேங்குது சார். அதுல நெறைய இருக்கும். அப்பனப் பத்தி நெறைய கேப்பாரு." கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்கதான அன்னிக்கு டைப் அடிச்சீங்க? கார்பன் வெச்சி நகல் எடுத்திருப்பீங்கல்ல?"

"எடுத்தேம்மா."

"அது எங்கீங்க சார்?"

சிலுவைப் பாதையில் ஊர் முன்னால் நான் அதைச் சொல்லவில்லை. நாலு பக்கக் கடிதத்திலும் எழுதவில்லை. குருவிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னேன். பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த அன்றே, யாராவது வந்து பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, ஒன்பது நகலையும் அடுப்பில் போட்டுவிட்டேன் என்று.

அவள் திட்டவில்லை. என் தாள்களை அடுக்கி, ஓரத்தைச் சமப்படுத்தி, என் கையில் கொடுத்தாள்.

"இத அச்சுக்குக் குடுக்காதீங்க சார்."

கொடுக்கவில்லை. இங்கே நான் எழுதியிருக்கும் வரிகள் அவள் தன் வாயால் சொன்னவை மட்டும். லாசரிடம் அவர் கேட்டதில் அந்த இரண்டு வரிதான் மிச்சம்.